கவலை மாடும் ஃபத்தோரியின் எருதும்

நாட்றம்பள்ளியைச் சுற்றியுள்ள பழைய இறைவைக் கிணறுகள் பலவற்றில் ஒரு பக்கத்துக் கரை மட்டும் நீளமாகச் சரிந்து இறங்கும். மற்ற மூன்று பக்கமும் சமதரையாக இருக்க, இந்தப் பக்கம் மட்டும் ஏறக்குறைய கிணற்றின் ஆழத்துக்குச் சமமான தூரம் பள்ளமாகப் போகும். மின்மோட்டார் வந்த பிறகு பிறந்தவர்களில் பலருக்கு அந்தப் பள்ளம் எதற்கு என்று தெரியாது. இரண்டு மாடுகள் விடியலிலிருந்து வெயில் ஏறும்வரை இறங்கி ஏறி, இறங்கி ஏறி நடந்த தடம் அது. கவலை ஓட்டிய தடம்.

கவலை என்ற அந்த இறைவை பார்ப்பதற்கு எளியது. அதன் அமைப்பு அவ்வளவு எளியதன்று. கிணற்று வாய்மேல் நிறுத்திய கால்களில் உயரே ஒரு சக்கரம். அதற்குக் கீழே, தண்ணீர் விழும் தொட்டியின் விளிம்பில் ஓர் உருளை. தண்ணீர் மொள்ளும் சாலின் அடியில் தோலால் செய்த நீண்ட தும்பி தைக்கப்பட்டிருக்கும். தடித்த வடக்கயிறு சாலை மேல்சக்கரத்தின் வழியே இழுக்கும். மெல்லிய வால்கயிறு தும்பியின் வாயை உருளையின் வழியே இழுத்து மடக்கிப் பிடித்திருக்கும். இரண்டு கயிறும் ஒரே நுகத்தில் முடிந்திருக்கும். மாடுகள் சரிவில் இறங்க இறங்கச் சால் மேலே வரும். தும்பியின் வாய் சாலின் மட்டத்துக்கு உயர்ந்திருப்பதால் வழியில் தண்ணீர் சிந்தாது. சால் கரையைத் தாண்டி எழும்பும்போது தும்பி உருளைமேல் வழுக்கித் தொட்டிக்குள் நீளும். தண்ணீர் தானே கொட்டும். சாய்த்துவிட ஆள் வேண்டியதில்லை. இரண்டு கயிறுகளின் நீள வேறுபாட்டிலேயே அந்தக் காரியம் முடிந்துவிடுகிறது. இதை முதலில் கணித்தவர் யாரென்று எந்த ஏட்டிலும் எழுதிவைக்கப்படவில்லை. அவர் மிகக் கூரிய அறிவுடையவர் என்பதற்குக் கயிறுகளே சான்று.

ஓட்டுபவர் இறக்கத்தில் வடத்தின்மேல் உட்கார்ந்து தன் எடையையும் மாடுகளின் இழுப்போடு சேர்ப்பார். அடிவாரம் வந்ததும் இறங்கி, மாடுகளைப் பின்னோக்கி நடக்கவைத்து மேட்டுக்குக் கொண்டுவருவார். பின்னோக்கி நடப்பது மாட்டுக்கு இயல்பான நடை இல்லை. முகத்தைத் திருப்பாமல், நுகம் கழுத்தை விட்டு நழுவாமல், கண்ணுக்குத் தெரியாத மேட்டை நோக்கிக் குளம்பு வைத்து ஏற அதைப் பொறுமையாகப் பழக்க வேண்டும். உழவு மாட்டைவிடக் கவலை மாட்டுக்கு அதிகப் பழக்கம் தேவை என்று பெரியவர்கள் சொல்வார்கள். தண்ணீர் வாய்க்காலில் ஓடும் வேளையில் பாத்தியில் இன்னொருவர் மடை திருப்பிக்கொண்டிருப்பார். அது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் அல்லது பிள்ளையின் வேலை.

பழைய கவலையில் சால் முழுவதுமே தோல்தான். இரும்புத் தகட்டுச் சால் பரவிய பிறகும் தும்பி தோலாகவே இருந்தது. உயிரோடிருந்த மாடு இழுத்தது செத்த மாட்டின் தோலை. வாணியம்பாடியும் ஆம்பூரும் பேரணாம்பட்டும் தோலுக்குப் பேர்போன ஊர்களாவதற்கு முன்பே, இந்த மண்ணில் தோலுக்கு இருந்த அன்றாட வேலைகளில் தலையாயது இதுதான். பாலாறு வாணியம்பாடிப் பக்கமாகப் போய்விடுகிறது. ஏரி நிரம்பாத ஆண்டில் நாட்றம்பள்ளிப் பக்கத்துக்குக் கிணறுதான் கதி. கிணற்றுக்குக் கவலை, கவலைக்கு மாடும் தோலும் என்று வாழ்க்கை நகர்ந்தது.

இந்த உழைப்பை 19ஆம் நூற்றாண்டில் யாராவது வரைந்தார்களா என்பதுதான் என் கேள்வி. இத்தாலியின் தொஸ்கானா மாநிலத்தில், அதே நூற்றாண்டில், ஓவியர் குழு ஒன்று எருதையும் வண்டியையும் கூலியாளையும் தன் கலையின் நடுவில் நிறுத்தியிருந்தது. நம் பக்கத்தில் என்ன நடந்தது?

ஓவியர்கள் வராமலில்லை. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. நாட்றம்பள்ளியும் அந்தப் பாரமகாலைச் சேர்ந்த நிலம்தான். அதே ஆண்டு ஏப்ரலில் தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியம் டேனியலும் சென்னையிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டுப் பாரமகால் வழியாகப் பயணம் செய்தார்கள். அவர்களுடைய ‘ஓரியன்டல் சீனரி’ தொகுப்பில் ராயக்கோட்டையும், பர்கூருக்கு அருகிலுள்ள ஜகதேவியின் மலைக்கோட்டையும் உண்டு. நாட்றம்பள்ளியிலிருந்து எட்டிவிடக்கூடிய தூரம். வண்ணத்தில் மிக அழகான படங்கள் அவை. ஆனால் அவற்றின் தலைப்பே பொருளைச் சொல்லிவிடுகிறது: மலையும் கோட்டையும். போர் முடிந்த கையோடு வந்தவர்களின் கண் போரின் இடங்களைத் தேடியது. அந்தப் போரே மாட்டின் முதுகில் நடந்தது என்பதை நினைத்துப்பார்க்க வேண்டும். 1791 மே மாதம் கார்ன்வாலிஸ் சீரங்கப்பட்டணத்துக்கு முன்னால்வரை போய்விட்டுத் திரும்பியதற்கும், தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டதற்கும், இழுவை மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தது ஒரு பெரும் காரணம். பிறகு அவரைக் காப்பாற்றியது பஞ்சாரா வணிகர்களின் பொதிமாடுகள் கொண்டுவந்த தானியம்.

கம்பெனி ஆட்சி மாட்டை எண்ணத் தொடங்கியது. பாரமகாலின் முதல் கலெக்டர் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோ முதலியோரும் எழுதிக் குவித்தவை, மக்கள், விளைபொருள், சொத்து, நிலவரி என்று பிரிவு பிரிவாகப் பின்னாளில் ‘பாரமகால் ஆவணங்கள்’ என்று அச்சாயின. உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை வேர்விட்ட நிலம் இது. வரி தவறாமல் வர உழவனுக்கு வசதி வேண்டும். வசதிக்கு அடையாளம் ஏரும் மாடும். கணக்குப்பிள்ளையின் ஏட்டில் மாடு ஓர் எண்ணாக வந்து உட்கார்ந்தது.

வரைந்த மாடு வேறிடத்தில் இருந்தது. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் மதுரையிலும் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்காக நம் ஓவியர்கள் செய்துகொடுத்த தொழில், சாதி ஆல்பங்கள்தான் அந்த இடம். அவற்றுக்குக் கலை வரலாற்றில் கம்பெனி ஓவியம் என்று பெயர். தாளில் சில, அப்பிரகத் தகட்டில் சில. 1837இல் மதுரையில், அமெரிக்க மிஷனரிகளின் ஆங்கிலப் பள்ளியில் எழுத்துப் பயிற்சி தந்த இந்திய ஆசிரியர் ஒருவர் தொகுத்த 72 படங்களின் ஆல்பம், வில்லியம் ட்வைனிங் என்ற பாதிரியாருக்குப் பரிசாகப் போய், இன்று யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கே நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு படமும் அப்பிரகத்தின்மேல் வரையப்பட்டது.

இந்த வகை ஆல்பங்களைப் புரட்டினால் ஒரே ஒழுங்கு திரும்பத் திரும்ப வரும். ஓர் ஆண், ஒரு பெண், அவர்களைச் சொல்லும் ஒரு கருவி. உழவன் என்றால் ஏர், குயவர் என்றால் சக்கரம், நெசவாளர் என்றால் நூல். காலடியில் கொஞ்சம் புல் அல்லது மண். பின்னணி வெறுமை. வேர்வை இல்லை, வெயிலின் திசை இல்லை, வேலை நடக்கும் இடம் இல்லை. மாடு வந்தாலும் கருவியின் வரிசையில்தான் வரும். அதன் கழுத்து எந்தப் பாரத்தையும் தாங்கியிருக்காது. இதை ஓவியரின் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துணியின் மடிப்பையும் நகையின் நுணுக்கத்தையும் அவ்வளவு துல்லியமாக எழுதிய கைக்கு, சரிவில் இறங்கும் மாட்டின் தோள் எலும்பை எழுத முடிந்திருக்கும். கேட்டவர்கள் அதைக் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஊருக்குத் திரும்பியதும் காட்ட ஒரு வகைப்பட்டியல். உழைப்பு நேரத்தில் நடக்கிற காரியம். வகைப்பட்டியலுக்குள் நேரம் நுழையாது.

இந்தப் பகுதியில் மாட்டைக் கல்லில் வைத்த மரபு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். செங்கத்திலிருந்து ஆம்பூர்வரை நிலம் முழுக்க நடுகற்கள். பல்லவர் கால ஆம்பூர் நடுகற்கள் மாடுபிடிச் சண்டையில் இறந்த வீரர்களுக்கு எடுத்தவை. எடுத்தனூர்க் கல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப்போய் இறந்த ஒருவனோடு, இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயையும் பெயர் சொல்லி நினைக்கிறது. வேந்தனின் பெயருக்குக் கீழே ஒரு நாயின் பெயரைப் பொறித்த அந்தச் சிற்றூரை நான் மிகுந்த மதிப்போடு நினைக்கிறேன். இருந்தாலும் நடுகல்லின் மாடு செல்வம். கவரப்படுவது, மீட்கப்படுவது, அதற்காக உயிர் கொடுக்கத் தகுந்தது. உழும் மாடும் இறைக்கும் மாடும் அங்கே இல்லை.

இனி தொஸ்கானாவுக்குப் போகலாம். ஜொவான்னி ஃபத்தோரி 1825இல் லிவோர்னோ துறைமுகத்தில் பிறந்தவர். ஃபுளோரன்சு நகரில் மிக்கலாஞ்சலோ காபிக்கடையில் கூடிய இளம் ஓவியர்களின் கூட்டத்தில் சேர்ந்தார். வரைகோட்டையும் மெருகையும் விட்டு, வெளிச்சத்தையும் நிழலையும் திட்டுத் திட்டாக அடுத்தடுத்து வைத்துப் படத்தைக் கட்டியவர்கள் அவர்கள். மாக்கியயோலி என்ற பெயரை 1862இல் ஒரு பத்திரிகை அவர்களுக்கு ஏளனமாக வைத்தது. அதையே அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஃபத்தோரி முதலில் போர்க்கள ஓவியர். மஜென்தா சண்டைக்குப் பிறகான இத்தாலிய முகாமை வரைந்து போட்டியில் வென்றவர். ரோமாபுரி ஓவியர் நீனோ கோஸ்தா அவருடைய பட்டறைக்கு வந்து, வெளியே போய் நிலத்தையும் அதில் வேலை செய்பவர்களையும் பார் என்று தூண்டினார் என்பது கலை வரலாற்றில் நன்கு பதிவான செய்தி. 1867இல் மனைவி செத்திமியா காசநோயில் இறந்தார். அந்தக் கோடையில் ஃபத்தோரி, கலை விமர்சகர் தியேகோ மார்த்தெல்லியின் காஸ்திலியோன்செல்லோ கடற்கரைப் பண்ணையில் போய்த் தங்கினார். எருதுகள் அவர் படங்களில் நிரந்தரமாகக் குடியேறியது அந்தக் காலத்தில்தான்.

அவர் வரைந்த மரேம்மா மாடுகள் வெண்சாம்பல் நிறம், நீண்டு விரிந்த கொம்பு. நம் ஆலம்பாடி மாடும் ஹள்ளிக்கார் மாடும்கூடச் சாம்பல் நிறத்து இழுவை இனங்கள். கொம்பு மட்டும் பின்னோக்கி வளையும். ஃபத்தோரியிடம் என்னை நிறுத்துவது அவர் மாட்டுக்குக் கொடுக்கும் இடம். குறுகி நீண்ட பலகைகளில் வரைவார்; இந்தக் குழுவினர் சுருட்டுப்பெட்டி மூடிகளையும் விட்டுவைத்ததில்லை. அந்த நீளத்தில் அடிவானம் ஒரு கோடு, நிலம் இரண்டு மூன்று திட்டு, நடுவே ஒரு சோடி எருதும் வண்டியும். ஃபுளோரன்சு பித்தி மாளிகைக் காட்சிக்கூடத்திலுள்ள வண்டி எருதுகள் படத்தில் மாடுகள் எங்கேயும் போய்ச் சேர்ந்துவிடும் அவசரத்தில் இல்லை. 1887இல் வரைந்து, இன்று மிலானின் பிரேரா காட்சிக்கூடத்தில் இருக்கும் ‘ஓய்வு’ என்ற பெரிய படத்தில் சிவப்பு வண்டி, அவிழ்த்துவிட்ட எருதுகள், தரையில் உட்கார்ந்த உழவன், பின்னால் கடல். மனிதனுக்கும் மாட்டுக்கும் அதே வெயில், அதே அளவு சோர்வு. ஓய்வை வரைந்ததால் அதற்கு முன் நடந்த வேலை நமக்குத் தெரிகிறது.

அவரைச் சுற்றியிருந்தவர்களும் இதே பாதையில் நடந்தார்கள். ஜுசெப்பே அப்பாத்தி தொஸ்கானா மரேம்மாவின் வண்டியையும் எருதுகளையும் வரைந்தார். மிகக் கடுமையான படம் தெலெமாக்கோ சிஞோரினியினுடையது. 1864இல் வரைந்த அந்தப் படத்தில் ஆர்னோ ஆற்றங்கரையில் ஐந்து ஆட்கள் மார்பில் கயிறு மாட்டி, முன்னால் விழுந்துவிடுவதுபோலக் குனிந்து படகை இழுக்கிறார்கள். ஒரு பக்கத்தில் நல்ல உடை உடுத்த ஒருவர் சிறுமியோடு நிற்கிறார். மாடு இழுக்க வேண்டியதை மனிதர்கள் இழுக்கும் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு ஃபத்தோரியின் எருதுகளை வெறும் கிராமத்து அழகாகப் பார்க்க முடிவதில்லை.

இந்த ஓவியர்களை நான் உயர்த்திப் பிடிக்கவில்லை. அவர்களும் உடைமையாளரின் விருந்தாளிகள். மார்த்தெல்லி நிலக்கிழார், குடியானவர்கள் விளைச்சலைப் பாதிப் பங்கிட்டுக் கொடுக்கும் மெத்ஸத்ரியா முறை நிலவிய நாடு அது, நம் வாரச் சாகுபடிக்கு உறவான முறை. 1880களில் ஃபத்தோரி மரேம்மாவின் உள்ளே போய், காளைக் கன்றுகளுக்குச் சூடு போடுவதையும் குதிரைமேல் மாடு மேய்க்கும் புத்தேரோக்களையும் பார்த்தது கோர்சினி இளவரசர்களின் மர்சிலியானா பண்ணையில். மலேரியா உழவர்களைத் தின்ற சதுப்பு நிலம் அது. படங்களில் காய்ச்சல் தெரிவதில்லை. ஆனாலும் நம் ஆல்பங்களிலிருந்து ஒரு வேறுபாடு பெரியது. ஃபத்தோரியின் மாட்டை வாங்கக்கூடியவர், அந்த மாட்டைத் தன் நாட்டின் மாடு என்று நினைத்தவர். இத்தாலி ஒரே நாடாகிக்கொண்டிருந்த காலம். 1865 முதல் 1871 வரை ஃபுளோரன்சுதான் தலைநகர். யார் இந்த நாடு என்ற கேள்வி அரசியலில் எழுந்தபோது, ஓவியர்கள் வண்டிக்காரனையும் எருதையும் விடையாகக் காட்டினார்கள். நம் ஆல்பத்தை வாங்கியவருக்கு அந்தக் கேள்வியே இல்லை.

அப்படியானால் சென்னையில் ஓவியப் பள்ளி என்ன செய்துகொண்டிருந்தது? 1850இல் அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சொந்த முயற்சியில் தொடங்கிய கலைப்பள்ளியைச் சில ஆண்டுகளில் அரசு ஏற்றுக்கொண்டது. நாட்டின் பழமையான கலைப்பள்ளிகளில் ஒன்று. மண்பாண்டம், மரச்செதுக்கு, உலோக வேலை, வரைபடம் என்று கைத்தொழிலை நோக்கியே அதன் நடை இருந்தது. 1884இல் பொறுப்பேற்ற ஈ. பி. ஹேவல் மாகாணத்தின் கைத்தொழில்களை ஊர் ஊராக ஆய்வு செய்தார். மாணவர்கள் தூரிகையோடு வயல்வெளிக்குப் போய் அங்கே பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பாடத்திட்டத்தின் மையத்தில் இல்லை.

அந்தப் பள்ளிக்கு உழைக்கும் மாடு வந்து சேர்ந்த வழி எதிர்பாராதது. பொறியியல் பேராசிரியராகச் சென்னைக்கு வந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1890களின் கடைசியில் கலைப்பள்ளியின் பொறுப்புக்கு வந்தார். அலுமினியப் பாத்திரத் தொழில் அங்கே தொடங்கியது. இறைவையைப் பற்றியும் அவர் ஆழமாக ஆராய்ந்தார். கவலையில் மாட்டின் உழைப்பு எவ்வளவு, ஏறும் தண்ணீர் எவ்வளவு, வீணாவது எங்கே என்று அளந்து எழுதினார். கவலையின் பலவீனமான இடம் தோல் என்பது அவருக்குப் புரிந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை நாள் முழுக்கத் தண்ணீரில் நனைத்தால் பட்டைச் சத்து கரைந்து வெளியேறும். தோல் விறைத்து, வெடித்து, அழுகும். நனைவதும் காய்வதுமே வாழ்க்கையான சாலுக்கும் தும்பிக்கும் அது போதாது. 1884இல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் உரிமம் பெற்ற குரோம் பதனிடல், தண்ணீரில் கரையாத பிணைப்பைத் தோலில் உண்டாக்கியது. 1903 வாக்கில் சாட்டர்டன் குரோம் பதனிடலைச் சென்னையில் சோதிக்கத் தொடங்கினார். அதற்கு அவர் கண்ட முக்கியமான பயன்களில் ஒன்று கவலைச் சால். அரசே தொழில் நடத்தக் கூடாது என்ற லண்டனின் கொள்கை குறுக்கே வந்தது. 1910இல் அந்தக் குரோம் தொழிற்சாலை ரீவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது.

இந்த நிகழ்ச்சியை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஃபத்தோரி 1908இல் இறந்தார். அவர் தன் கடைசி ஆண்டுகளில் எருதுகளைத் துத்தநாகத் தகட்டில் பொறித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், நம் மாகாணத்தின் கலைப்பள்ளி எருது இழுக்கும் தோலைச் சீர்ப்படுத்திக்கொண்டிருந்தது. இரண்டுமே உழைக்கும் மாட்டின்மேல் வைத்த கவனம். சாட்டர்டனின் அளவுகளை நான் ஓவியத்தைவிடத் தாழ்வாக நினைக்கவில்லை. நாட்றம்பள்ளி உழவனிடம் எது வேண்டும் என்று கேட்டிருந்தால் அழுகாத தும்பியைத்தான் கேட்டிருப்பான். ஆனால் அளவு அந்த வேலையின் பயனை மட்டுமே சொல்லும். பின்னோக்கி ஏறும்போது மாட்டின் கண் எங்கே பார்க்கிறது, வடத்தில் உட்கார்ந்தவரின் கால் எங்கே தொங்குகிறது, வாய்க்காலில் நிற்கும் பெண் எதை எதிர்பார்த்து மண்வெட்டியை ஓங்குகிறாள் என்பதற்கெல்லாம் ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணை வளர்ப்பதற்கென்றே இருந்த நிறுவனம் அதைச் செய்யவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஓவியத்தில் இடம்பெறாத மாடு சந்தையில் இடம்பெற்றது. சுண்ணாம்புக் குழியில் முடி நீக்கி, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தென்னிந்தியத் தோல், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கிழக்கிந்தியக் கிப்ஸ் என்ற பெயரில் லண்டன் ஏலத்துக்குப் போனது. நம் சிறுமாட்டுத் தோல் மெல்லியது, பூட்ஸின் மேல்தோலுக்கு ஏற்றது. ஆவாரஞ்செடி இந்தக் கரம்புகளில் தானாக முளைக்கும். ரயில் 1856இல் சென்னையிலிருந்து வாலாஜா ரோடுவரை வந்து, பிறகு வாணியம்பாடி வழியே ஜோலார்பேட்டைக்கு நீண்டது. 1864இல் அங்கிருந்து பெங்களூருக்குக் கிளை. இஸ்லாமிய வணிகக் குடும்பங்கள் தோல் ஷாப்புகள் என்ற பதனிடும் ஆலைகளை நிறுவின. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பூட்ஸுக்காக இந்தத் தோல் முழுவதையும் அரசே எடுத்துக்கொண்டது.

இதற்கு நடுவில் 1876 வந்தது. இரண்டு பருவமழையும் பொய்த்த அந்தப் பஞ்சத்தில், நாட்றம்பள்ளியும் அடங்கிய சேலம் மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. (திருப்பத்தூர் வட்டம் வட ஆர்க்காட்டுக்கு மாறியது 1911இல்தான்.) 1871இல் சுமார் 19.7 லட்சமாக இருந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 1881இல் சுமார் 16 லட்சம். தீவனமின்றி மாடு முதலில் போனது. மாடு போனால் கவலை நின்றது; கவலை நின்றால் கிணற்றடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தும் கேழ்வரகுப் பாத்தி காய்ந்தது. அதே ஆண்டுகளில் சென்னை மாகாணத்திலிருந்து தோல் ஏற்றுமதி பெருகியது. டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த பஞ்சப் புகைப்படங்களில் எலும்பும் தோலுமான மனிதர்கள் வரிசையாக உட்காரவைக்கப்பட்டிருக்கிறார்கள். ஆல்பத்தின் அதே ஒழுங்கு: முன்னால் உருவம், பின்னால் ஒன்றுமில்லை. அவர்களுடைய நிலமும் மாடும் எங்கே என்று அந்தப் படங்கள் கேட்கவில்லை.

செத்த மாட்டை எடுத்துப்போகும் உரிமையும், அதன் தோலில் ஊருக்குச் சாலும் தும்பியும் செருப்பும் செய்துதரும் கடமையும் இருந்த குடும்பங்கள் இங்கே உண்டு. தோல் தைத்தவர்களில் அருந்ததியர் பலர். களத்தில் அளந்துகொடுக்கும் தானியமே அவர்களுக்குக் கூலி. சாதி அந்த உரிமையையே இழிவாகவும் ஆக்கிவைத்திருந்தது. தோலுக்குக் கப்பல் விலை வந்ததும் அது ஊரில் தங்கவில்லை. தோல் மண்டிக்குப் போனது. அந்தத் தோலைக் கையால் அறிந்தவர்களில் பலர் கூலியாட்களாகத் தோல் ஷாப்புகளின் சுண்ணாம்புக் குழிக்குப் போனார்கள். எருதை அவ்வளவு நேசித்து வரைந்த ஃபத்தோரியிடமும் தோல் உரிப்பவர் ஒருவரும் எனக்குத் தென்படவில்லை. உழைக்கும் விலங்கின் கதையில் கடைசியாக வேலை செய்பவர் இத்தாலியிலும் இங்கேயும் படச்சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார். இங்கே அதற்குச் சாதி என்ற வலுவான காரணமும் இருந்தது.

சென்னைக் கலைப்பள்ளி உழைப்பைத் தன் பொருளாக எடுத்துக்கொள்ள 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆயிற்று. அதன் முதல்வராக நீண்டகாலம் இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் ‘உழைப்பாளர் சிலை’ 1959இல் மெரினாவில் நிறுவப்பட்டது. நான்கு ஆட்கள், ஒரு பெரும்பாறை, முறுக்கேறிய முதுகுகள். விலங்கு இல்லை. அந்தப் பத்தாண்டுகளில்தான் கிராமங்களுக்கு மின்கம்பி வந்து, கவலைகள் ஒவ்வொன்றாக நின்றன. இன்று இந்த வட்டாரத்தில் தை மாதத்து மாடு விடும் விழாவுக்கு ஓடும் காளையைப் படமெடுக்க நூற்றுக்கணக்கான கேமராக்கள் வருகின்றன. வேகம் படத்துக்கு ஏற்றது. பின்னோக்கி மெல்ல ஏறும் மாட்டைப் படமெடுக்க அன்று யாரும் வரவில்லை.

குரோமின் கதை அதோடு முடியவில்லை. கவலைச் சாலுக்காகவும் இந்த மாகாணத்துக்குள் வந்த அந்தப் பதனிடல், ஏற்றுமதித் தோலுக்கும் ஷூவுக்குமாகப் பாலாற்றுப் படுகை எங்கும் பரவியது. கழிவு மண்ணிலும் கிணற்றிலும் இறங்கியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாமல் போனதாகப் பதிவு செய்கிறது. அந்தக் கிணறுகளில் பல, கவலை ஓடிய கிணறுகள்.

சரிவுப் பள்ளங்கள் இப்போது வேகமாகத் தூர்ந்துகொண்டிருக்கின்றன. சாலை அகலப்படுத்தவும் மனை பிரிக்கவும் மண் கொட்டி மூடுகிறார்கள். இளம் வயதில் கவலை ஓட்டியவர்கள் சிலர் இன்னும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். பள்ளத்தின் நீளமும் சரிவும், சக்கரக்காலின் உயரமும், வடத்துக்கும் வால்கயிற்றுக்கும் இடையிலுள்ள நீள வேறுபாடும் அவர்கள் சொல்லச் சொல்ல அளந்து வரைந்துவிடக்கூடியவை. தும்பியைத் தைத்த குடும்பங்களிடம் கேட்க வேண்டியது தனியாக இருக்கிறது: எந்தப் பக்கத்துத் தோல், எத்தனை துண்டு, எந்த நூல், ஆண்டுக்கு எத்தனை முறை மாற்றினார்கள், அதற்கு என்ன அளந்தார்கள். வேலூரிலும் திருப்பத்தூரிலும் உள்ள கல்லூரிகளின் வரலாற்று மாணவர்களும் சென்னைக் கவின்கலைக் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து ஒரு கோடை விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.